இருண்ட பாகமும் இளம் வாசகரும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்துருவம். உரையாற்றியவர் புத்தளம் மாவட்டக் கரையோரத்து இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியர்.)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சிறுவர் நூலொன்று. காப்பியங்களையும் நாவல்களையும் பற்றிப் பேசவேண்டிய இந்நேரத்தில் மந்திரவாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே இவர் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவர்களிடம் சற்றுப் பொறுமையை வேண்டி நிற்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு பெற்றார் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த உரைக்குக் காரணம்.

வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் மாணவர்களுக்குக் கதை சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு. ஆங்கில நூலொன்றை வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக வாசித்து வைத்துக்கொண்டு, அதைத் தமிழிற் சொல்வேன். அப்படி நான் சொன்னவற்றுள் ஒன்று ஹரி பொட்டர் கதைவரிசை. நான்காவது நூல் முடிந்து ஐந்தாவது தொடங்கிய சமயத்தில், மாணவரொருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். கடலுக்குப் போகிறவர், மரியாதை தெரிந்தவர். "சேர், பிள்ளை இரவில் சரியாகத் தூங்குவதில்லை. சாவும் சூனியமுமாக இருக்கிறதாம் கதை. பிள்ளைகளுக்கு நல்லதாக ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அவருக்கு உடனடியாக என்னாற் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலையே இப்போது உங்கள் முன்னிலையிற் சொல்ல முயல்கிறேன்.

கதையை அறியாத நேயர்களுக்காகச் சில விவரங்களைக் கூறிவிடுகிறேன். ஜே. கே. ரோலிங் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய இந்த வரிசையின் முதல் நூல் 1997 ஜூனில் வெளிவந்தது. தாய் தந்தையை இழந்து, பெரியம்மா வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே உள்ள சிற்றறையில் வளரும் ஒரு பையன், தன் 11 ஆவது வயதில் தானொரு மந்திரவாதி என்று அறிந்து, ஹொக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பாடசாலைக்குப் போகிறான். ஒரு நூலுக்கு ஒரு கல்வியாண்டு என்பதே வரிசையின் அமைப்பு. 1998, 1999, 2000 என ஆண்டுக்கு ஒன்றாக அடுத்த மூன்று நூல்களும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நின்றுவிட்டது. நான்காவது நூல் 2000 ஜூலை 8 ஆம் திகதி வந்தது. ஐந்தாவது 2003 ஜூன் 21 ஆம் திகதிதான் வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுக் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பு சாதாரணமானதன்று. நான்காவது நூலின் முடிவில் செட்ரிக் என்ற மாணவன் ஹரியின் கண்முன்னே கொல்லப்படுகிறான். ஒழிந்துபோனான் என்று எல்லோரும் நம்பியிருந்த கொடியவன் வோல்டமோர்ட் மீண்டும் உடல்பெற்று எழுந்துவிடுகிறான். அந்த இடத்திற் கதையை நிறுத்திவிட்டு மூன்று ஆண்டுகள் மௌனம் என்றால், வாசித்த பிள்ளைகளின் நிலை என்னவாக இருந்திருக்கும்! ஐந்தாவது நூல் நள்ளிரவில் வெளியானபோது, உலகின் பல நகரங்களிற் பிள்ளைகள் கடைவாசலில் வரிசையாக நின்றார்கள். அமெரிக்காவில் மட்டும் முதல் நாளில் ஏறத்தாழ 50 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. பிரித்தானியப் பதிப்பில் முதல் நூல் 223 பக்கங்கள். ஐந்தாவது நூலோ 766 பக்கங்கள். ஏழு நூல்களிலும் மிக நீண்டது இதுதான்.

அந்த மூன்று ஆண்டுகளும் எங்கள் நாட்டில் எப்படிக் கழிந்தன என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். 2001 ஜூலையிற் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை. அதன்பின் பாதைகள் திறந்தன, பேச்சுவார்த்தைகள் நடந்தன, 2003 ஏப்ரலில் அவையும் தடைப்பட்டன. நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழக மாணவன். மஹாபொல உதவிப்பணத்திற் காலம் தள்ளும் எங்களுக்கு அந்த நூலின் விலை எட்டாக் கனி. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ஒரே பிரதி விடுதியிற் கைமாறிக்கொண்டிருந்தது. ஓர் ஆளுக்கு மூன்று இரவு என்று கணக்கு. பெயர்ப்பட்டியலில் நான் ஒன்பதாவது.

உண்மையைச் சொல்கிறேன், நேயர்களே: முதல் வாசிப்பில் எனக்கு இந்நூல் பிடிக்கவில்லை. முந்தைய நூல்களிற் கண்ட விளையாட்டும் விருந்தும் வேடிக்கையும் இதிற் குறைந்துவிட்டன. கதாநாயகன் எடுத்ததற்கெல்லாம் கோபப்படுகிறான்; நண்பர்கள்மேல் எரிந்து விழுகிறான். பக்கம் பக்கமாகத் தோல்விகள். இறுதியில், அவனுக்குத் தந்தையைப் போலிருந்த சிரியஸ் பிளக் இறந்தும் போகிறான். இதற்காகவா மூன்று வருடம் காத்திருந்தோம் என்ற சலிப்போடு மூன்றாம் இரவின் விடியலிற் புத்தகத்தைப் பத்தாவது ஆளிடம் கொடுத்தேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்து, வகுப்பிற் சொல்வதற்காக அதை மறுபடி வாசித்தபோதுதான் நான் தவறவிட்டவை எவை என்று தெரிந்தது.

இருண்ட கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்ற எண்ணம் எங்கள் மரபில் உள்ளதுதானா என்று முதலிற் பார்ப்போம். உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடி உற்சவத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். 18 நாட்கள் நடந்து தீமிதிப்போடு நிறைவுபெறும் அந்த விழாவின் அடியில் இருப்பது பாரதக் கதை. சிறுவயதில் அந்த நாட்களில் என் பாட்டி இரவுதோறும் எனக்குப் பாரதம் சொல்வார். அரக்கு மாளிகையும் வில் வளைத்த சுயம்வரமும் வரும்வரை ஒரே கொண்டாட்டம்தான். பிறகு சூதாட்டம் வரும், துகிலுரிதல் வரும், காடு வரும், போர் வரும். பதின்மூன்றாம் நாட் போரில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் அகப்பட்டு மாள்வான். போர் முடிந்தது, வென்றுவிட்டோம் என்று மூச்சு விடும்போது, அன்றிரவே உறக்கத்திற் கிடந்த திரௌபதையின் ஐந்து மைந்தர்களும் கொல்லப்படுவார்கள். பாட்டி எதையும் விழுங்கிவிட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் அழுதால் முதுகைத் தடவிவிட்டு அடுத்த வரியைச் சொல்வார். அவ்வளவுதான்.

இராமாயணத்திலும் இதே நிலைதான். பால காண்டம் வேள்விக் காவலும் திருமணமுமாகக் களிப்போடு நகர்கிறது. அயோத்தியா காண்டத்தில் நுழைந்ததுமே வானம் இருண்டுவிடுகிறது. கம்பன் பட்டாபிஷேகத்தோடு ஆறு காண்டங்களில் நிறுத்திக்கொண்டான். சீதையை மறுபடி காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டம் தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. துயரமான பாகத்தை எழுதலாமா விடலாமா என்ற வழக்கு எங்களுக்குப் பழையது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். சூனியம் என்று அந்தத் தந்தை சொன்னாரே, அதற்கும் இங்கேயே விடை உண்டு. பாரதத்து அஸ்திரங்கள் மந்திரத்தாற் செலுத்தப்படுவன அல்லவா? 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா, பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு மாந்திரீகர்களையும் வேதாளத்தையும் மாதந்தோறும் கொண்டுவந்து தந்ததல்லவா? அதை வாசித்து வளர்ந்தவர் எவரும் சூனியக்காரராகப் போய்விடவில்லை.

ஆனால் அம்புலிமாமாவுக்கும் இந்த வரிசைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அம்புலிமாமாவின் வாசகன் வளர்வான், கதை வளராது. அவன் வளர்ந்து விலகிப்போக, அவனுடைய தம்பி வந்து அதே இடத்தில் அமர்வான். ரோலிங்கின் வரிசையில் நூலுக்கு நூல் நாயகனுக்கு ஒரு வயது கூடுகிறது. கதையும் அவனோடு வயதுக்கு வருகிறது. 1997 இல் 11 வயதில் முதல் நூலை வாசித்த பிள்ளைக்கு 2003 இல் 17 வயது. அந்தப் பிள்ளைக்கு மீண்டும் படிக்கட்டு அறையும் பறக்கும் துடைப்பமும் மட்டும் கொடுத்தாற் போதுமா? ஐந்தாவது நூலின் இருளை நூலாசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து பூசவில்லை. 15 வயதுப் பையனின் மனத்துக்குள் இருப்பதையே அவர் எழுதியிருக்கிறார் எனலாம்.

அந்த இருள் எத்தகையது என்று இனிப் பார்ப்போம்.

முதலாவது, பொய்யின் இருள். கதையின் தொடக்கத்தில் ஹரி, தன் பெரியம்மா வீட்டு ஜன்னலுக்குக் கீழே பூச்செடிகளுக்கிடையில் ஒளிந்து படுத்திருக்கிறான். எதற்காக? மாலைச் செய்தி கேட்பதற்காக. எங்கோ யாராவது கொல்லப்பட்டார்களா என்று அறிவதற்காக. இந்தக் காட்சியை ஆங்கிலேயப் பிள்ளை எப்படி வாசித்ததோ நான் அறியேன். இரவு ஒன்பதேகாலுக்குப் பி.பி.சி. தமிழோசைக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்த பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று செய்தி கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு, அது எங்கள் வீட்டுக் காட்சி. கதையில், கொடியவன் திரும்பி வந்துவிட்டான் என்ற உண்மையை மந்திர அமைச்சு ஏற்க மறுக்கிறது. ஏற்றால் பயப்படவேண்டும், ஆயத்தப்படவேண்டும். அதைவிட, உண்மையைச் சொன்ன பையனைப் பொய்யன் என்பது இலகு. பத்திரிகையும் அதற்குத் துணைபோகிறது. கடைசியில் அமைச்சர் தன் கண்ணாலேயே கொடியவனைக் காணும்வரை இது நீள்கிறது.

இரண்டாவது இருள், எங்கள் தொழிலைப் பற்றியது. அமைச்சு அனுப்பிவைக்கும் டொலோரஸ் அம்பிரிட்ஜ் என்ற ஆசிரியை வருகிறார். இளஞ்சிவப்பு உடை, இனிய குரல், எந்நேரமும் புன்சிரிப்பு. தற்காப்பு மந்திரம் கற்பிக்க வந்தவர், மந்திரக்கோலைத் தொடவே விடுவதில்லை. பாடப்புத்தகத்தை வாசித்தாற் போதும், பரீட்சையிற் சித்தியடையலாம் என்கிறார். ஹரி உண்மையைச் சொன்னதற்காக, தான் பொய் சொல்லக்கூடாது என்று அவனையே திரும்பத் திரும்ப எழுதவைக்கிறார். அந்தப் பேனாவுக்கு மை கிடையாது. எழுதும் எழுத்து அவனது புறங்கையைக் கீறி, அவன் இரத்தத்தையே மையாக எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர்கள் தத்தம் பாடத்துக்குப் புறம்பான எதையும் மாணவரிடம் பேசலாகாது என்று ஒரு கட்டளையும் வருகிறது.

இந்தப் பகுதியை வகுப்பிற் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். என்னாற் சிரிக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஹரி எழுதவேண்டிய பரீட்சையின் பெயரை எங்கள் முறையிற் சொன்னால் மந்திரவாதிகளின் சாதாரண தரம். பிரித்தானியா 1980 களின் இறுதியிற் கைவிட்ட சாதாரண தரப் பரீட்சையை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். சாதாரண தர வகுப்பிற் பாடம் எடுக்கையில், "சேர், இது சோதனைக்கு வருமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "வராது, விடு" என்று எத்தனை கவிதைகளை நான் தாண்டிப் போயிருக்கிறேன்! அம்பிரிட்ஜைப் படைத்தவர் ஆசிரியர்களாகிய எங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாவது இருள் மரணம். இதற்காக அவர் படைத்த உருவகம் ஒன்று உண்டு. இந்த நூலிலே என்னை மிகவும் பாதித்தது அதுதான்.

ஹொக்வார்ட்ஸ் மாணவர்களைப் புகையிரத நிலையத்திலிருந்து பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன என்றுதான் நான்கு நூல்களிலும் நாம் நினைத்திருந்தோம். ஐந்தாம் ஆண்டு தொடக்கத்தில் ஹரி பார்க்கிறான்: வண்டிகளில் குதிரை போன்ற மிருகங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. எலும்போடு ஒட்டிய கருந்தோல், வெண்ணிறக் கண், வௌவால் சிறகு. தெஸ்ட்ரல் என்பது அவற்றின் பெயர். பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கு அவை தெரிவதில்லை. மரணத்தைக் கண்ணாற் கண்டவர்களுக்கு மட்டுமே அவை தெரியும். லூனா என்ற சிறுமிக்குத் தெரிகிறது. 9 வயதில் தன் தாய் இறந்ததைப் பார்த்தவள் அவள். தன் பாட்டனார் இறக்கக் கண்ட நெவிலுக்கும் தெரிகிறது. வண்டிகள் ஒருநாளும் தாமாக ஓடவில்லை. இழுத்துச் சென்றவை எப்போதும் அங்கேயே இருந்தன.

நேயர்களே, எங்கள் கரையோரத்து வகுப்பறையொன்றில் இந்தக் கதையைச் சொல்வது எவ்வளவு பாரமானது என்று எண்ணிப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்துசேர்ந்த முஸ்லிம் மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் மாவட்டம் இது. கடல் கொண்டுபோனவர்களின் வீடுகள் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் இந்நூலைச் சொல்லத் தொடங்கி ஐந்தாறு வாரம் இருக்கும். வகுப்பில் ஒரு பையனின் தந்தை போன வள்ளம் குறித்த நேரத்திற் கரைக்கு வரவில்லை. மறுநாள் பையன் பாடசாலைக்கு வந்திருந்தான். வீட்டில் இருந்தால் அம்மாவைப் பார்க்க முடியவில்லை என்றான். நான் அவன் தோளைத் தட்டி, "அப்பா வந்துவிடுவார் தம்பி, நீ பாடத்தைப் பார்" என்றேன். கடல் இருந்த நிலையை நானும் அறிவேன். இந்தக் கரையிற் பிறந்தவன் நான். வந்துவிடுவார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அந்தக் கதையை நிறுத்திவிட்டேன். அடுத்துச் சொல்லவேண்டியது தெஸ்ட்ரல் வரும் பகுதி. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தெனாலிராமன் கதைகளையும் முல்லாக் கதைகளையும் சொல்லி நாலு வாரத்தை ஓட்டினேன். பிள்ளைகளும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்தாம் வாரம் அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், அந்தக் கதையை எனக்காகவா நிறுத்தினீர்கள்?" என்றான். நான் மழுப்பினேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும் சேர். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நீங்களும் கதையை நிறுத்திவிட்டீர்கள்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை கதையைத் தொடர்ந்தேன். அந்தக் குதிரைகளைப் பற்றிச் சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. மணி அடித்து மற்றவர்கள் போனபின் அவன் என் மேசைக்கு வந்தான். "நான் அப்பா சாகிறதைப் பார்க்கவில்லை. கரையிற் கிடந்ததைத்தான் பார்த்தேன். எனக்கு அந்தக் குதிரை தெரியுமா சேர்?" என்று கேட்டான். பட்டப்படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் அந்தக் கேள்விக்கு என்னை ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. "தெரியும் என்றுதான் நினைக்கிறேன் தம்பி" என்றேன். சற்று நேரம் நின்றான். பிறகு, "அந்தப் பெண்பிள்ளைக்கு எத்தனை வயது என்றீர்கள்?" என்றான். ஒன்பது என்றேன். "என் தங்கச்சிக்கும் ஒன்பது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவனாகவே வந்து சொன்னான், தங்கைக்கும் அந்தக் கதையைச் சொன்னானாம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அந்தக் குதிரை கடிக்குமா என்று. "கடிக்காது என்று சொன்னேன் சேர். சரிதானே?" என்றான். சரிதான். பார்க்கத்தான் அவை பயங்கரம். நூலில் அவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கடைசியில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு லண்டன்வரை பறப்பவையும் அவைதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகே நூலின் இறுதிப் பகுதி எனக்கு விளங்கியது. சிரியஸ் இறந்த பின், தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹரியை இருத்தி ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அவனைப் பற்றிய முன்னறிவிப்பு ஒன்று உண்டு. அதை ஐந்து ஆண்டுகளாக அவர் மறைத்துவைத்திருந்தார். சின்னப் பிள்ளை, பாவம், இன்னும் சிறிது காலம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அன்பினால். ஆனால் அந்த மறைப்பே பையனைப் பொறியில் விழச் செய்து, சிரியஸின் உயிரையும் குடித்துவிட்டது. ஆண்டு முழுவதும் ஹரி கொண்ட கோபத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தன்னைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் எதையோ தெரிந்துகொண்டு தன்னிடம் பேசாமலிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. என் மாணவனுக்கும் தெரிந்திருந்தது.

ரோலிங்கின் தாயார் 1990 டிசம்பரில், 45 வயதிற் காலமானார். மகள் இந்தக் கதையை எழுதத் தொடங்கியிருந்ததைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை. ஐந்தாவது நூல் வெளிவந்தபோது அளித்த ஒரு தொலைக்காட்சிச் செவ்வியில், இந்தப் பாத்திரத்தின் மரணத்தை எழுதி முடித்தபின் தாம் அழுததாக அவர் சொன்னார். அழுகிறவர் எதற்காக எழுதவேண்டும் என்று அவருடைய கணவரே கேட்டாராம். சிறுவர் நூல் எழுதுகிறவருக்கு அந்தக் கடுமை வேண்டியிருக்கிறது என்பதே அவரது பதிலின் கருத்து.

நூலிற் குறைகள் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். 38 அத்தியாயங்களில் ஏழெட்டைச் சுருக்கியிருக்கலாம். சிரியஸ் ஹரிக்குக் கொடுத்த கண்ணாடியொன்று உண்டு; அதன் மூலம் இருவரும் பேசிக்கொள்ளலாம். பொட்டலத்தைப் பிரிக்காமலே ஹரி பெட்டிக்குள் போட்டுவிடுகிறான். பிரித்திருந்தால் கதையே வேறு. இது ஆசிரியரின் வசதிக்காக வைத்த முடிச்சு என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை ஓரளவு நானும் ஏற்கிறேன். ஆயினும் சிரியஸ் ஒரு திரைக்குப் பின்னால் விழுந்து உடல்கூடக் கிடைக்காமற் போவதைக் குறையென்போரோடு எனக்கு உடன்பாடில்லை. உடல் கிடைக்காத மரணத்தை, திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு முடியாத துயரத்தை, எங்கள் நாட்டில் எத்தனை தாய்மார் சுமக்கிறார்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக எங்கள் சிறுவர் இலக்கியம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இருந்தார், தமிழகத்தில் அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் இருந்தார்கள். குழந்தைகளின் காதுக்கும் நாவுக்கும் அவர்கள் செய்த தொண்டு பெரிது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, அடுத்து எதைக் கொடுப்பது என்று தேடும்போதுதான் தமிழாசிரியராகிய நாங்கள் திகைத்து நிற்கிறோம். அறிவுரைக் கதையிலிருந்து நேரே பெரியவர்களின் நாவலுக்குத் தாவவேண்டியிருக்கிறது. இடையில் உள்ள அந்த ஐந்தாறு ஆண்டுகள்தாம் பிள்ளை முதன்முதலாகச் சாவையும் அநீதியையும் பெரியவர்களின் பொய்யையும் சந்திக்கும் காலம். ஹரி பொட்டர் கதை பி.எஸ்.வி. குமாரசாமி அவர்களின் மொழிபெயர்ப்பிற் தமிழுக்கு வந்திருப்பது நல்ல காரியம். ஆனால் மொழிபெயர்ப்போடு நின்றுவிடலாகாது. கரைவலை இழுக்கும் ஊரில், உப்பளத்து ஊரில், இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில் வளரும் பிள்ளையொன்று, தான் வளர வளரத் தன்னோடு வளரும் ஒரு கதையைத் தன் மொழியிற் படிக்கவேண்டாமா? அதற்கு வேண்டிய அனுபவம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. எழுதுவதற்கு ஆள் வேண்டும்.

அந்தத் தந்தைக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இதுதான். ஐயா, உங்கள் பிள்ளை தூங்காமலிருந்தால் அவனிடம் கதையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவன் பக்கத்தில் அமர்ந்து, எந்த இடம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். பயம் கதையோடு வந்ததன்று. அது முன்பே அவனுக்குள் இருந்தது. கதை அதற்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. பெயர் தெரிந்ததைப் பற்றிப் பேசலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கதையையும் எல்லா நேரத்திலும் சொல்லலாம் என்பது என் வாதமன்று. வயதும் வேளையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளைக்காக அத்தியாயத்தை மூடிவைக்கும்போது, அது உண்மையிலேயே அந்தப் பிள்ளைக்காகத்தானா, அல்லது அதன் கேள்விக்குப் பதில் தெரியாத எங்களுக்காகவா என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்போம். நான் மூடிவைத்த அந்த நான்கு வாரமும் எனக்காகத்தான்.

அந்தப் பையன் பின்னர் சாதாரண தரம் எழுதினான். தமிழிற் சித்தியும் பெற்றான். கதை முடிந்த பின், என் பிரதியை இரவல் கேட்டு வாங்கிப்போனான். அவன் வாசிக்க அல்ல, ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருந்த தங்கைக்குக் காட்டுவதற்காக. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.